எலும்பு மூடிய அம்புமுனை

எலும்பு இப்படிச் சத்தம் போடுவதில்லையே.

மார்லிஸ் கையை நிறுத்தினாள். வெண்ணெய்க் கத்தியின் மழுங்கிய நுனியால் அதே இடத்தில் மறுபடி தட்டிப் பார்த்தாள். டிக் என்றது. இடது கண்குழிக்குக் கீழே, கன்ன எலும்பு மூக்கை நோக்கி இறங்குகிற இடம். பல்லும் இல்லை, கொம்பின் அடியும் இல்லை அங்கே. வேண்டாம், என்று நினைத்தாள். என்னவாக இருந்தாலும் வேண்டாம். இது ஒன்றையாவது எனக்கு விட்டுவிடு.

யாரைப் பார்த்துக் கேட்கிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. கராஜில் அவளைத் தவிர எரிவாயு அடுப்பும் பெரிய பானையும்தான் இருந்தன. பாதி திறந்த கதவுக்கு வெளியே பனி விழுந்துகொண்டிருந்தது. டிசம்பர் மாதச் சனிக்கிழமை. இன்னும் மதியம் ஆகவில்லை.

இருபத்தோரு வருடங்களாக இந்த வேலையைச் செய்கிறாள். நவம்பர் பாதியில் துப்பாக்கியால் வேட்டையாடும் பருவம் தொடங்கியதும் மான் தலைகள் வர ஆரம்பித்துவிடும். தோலுரித்துக் குப்பைப் பையில் போட்டு, பையின்மேல் பெயர் எழுதி ஒட்டி, கராஜ் வாசலில் வைத்துவிட்டுப் போவார்கள். வீட்டின் முன்னறையில் அவளுடைய பார்லர், பின்னால் இது. முன்னால் வருகிற தலைகளுக்கு வாய் உண்டு, பின்னால் வருகிற தலைகளுக்குக் கொம்பு உண்டு, அவ்வளவுதான் வித்தியாசம் என்று தபால்காரர் சொல்வார். அவள் அப்படி நினைத்ததில்லை. இரண்டு இடத்திலும் ஒரே மாதிரிதான் கை வைத்தாள்.

பானைத் தண்ணீர் கொதிக்கக் கூடாது. சிலிர்க்க வேண்டும். சலவை சோடா ஒரு கை போட்டு, கொம்புகளின் அடியில் அலுமினியத் தாள் சுற்றி, கொம்பு தண்ணீரைத் தொடாதபடி தலையைக் கம்பியில் தொங்கவிட வேண்டும். அரை மணிக்கு ஒருமுறை வெளியே எடுத்துச் சுரண்ட வேண்டும். அவசரப்பட்டுக் கொதிக்கவிட்டால் மூக்கின் மெல்லிய எலும்புகள் கழன்று பானையின் அடியில் கிடக்கும். அப்புறம் சோப்புத் தண்ணீர் வாளி. அதில் மீன் தொட்டிக்குப் போடுகிற சின்ன ஹீட்டரைப் போட்டு, இரண்டு வாரம் வெதுவெதுப்பில் ஊறவிட்டால் எலும்புக்குள் இருக்கிற கொழுப்பு மேலே மிதந்து வரும். கடைசியில் பெராக்சைடு. நரைத்த தலைகளுக்குச் சாயம் பூசுகிற அதே தூரிகையால் அதைப் பூசி, அதே பிளாஸ்டிக் தாளால் மூடி வைப்பாள். மறுநாள் பிரித்தால் எலும்பு பால் மாதிரி இருக்கும். பிளீச்சைக் கிட்டே கொண்டுவர மாட்டாள். பிளீச் பட்ட எலும்பு முதலில் அழகாக இருந்து, மூன்றாம் வருடம் சுண்ணாம்பாக உதிரும்.

ஒவ்வொரு தலையோடும் ஒரு கதை வரும். பையை வைக்க வருகிறவர்கள் பையை மட்டும் வைத்துவிட்டுப் போவதில்லை. எங்கே நின்றான், காற்று எந்தப் பக்கம், எத்தனை கெஜம், எப்படித் திரும்பிப் பார்த்தது. எல்லாவற்றையும் அவள் கேட்பாள். பிறகு அந்தக் கதையோடு உட்கார்ந்து சுரண்டுவாள். சில சமயம் எலும்பு வேறொன்று சொல்லும். எண்பது கெஜம் என்று சொன்னவனுடைய மானின் நெற்றியில் எட்டடியில் சுட்ட ஓட்டை இருக்கும். அவள் அதைப் பற்றிப் பேச மாட்டாள். வெள்ளையாக்கித் திருப்பிக் கொடுப்பாள்.

இந்தத் தலையோடு எந்தக் கதையும் வரவில்லை. இது அவள் சுட்டது.

ஐம்பத்தேழு வயதில் முதல்முறை. கணவன் ரூடிக்கு முழங்கால் அறுவை ஆகியிருந்தது. வீட்டுக்குப் பின்னால், ஆப்பிள் மரங்கள் முடிந்து சதுப்புக் காடு தொடங்குகிற இடத்தில் அவன் வேட்டைக்கு ஒளிந்து உட்காரும் மறைவிடம் சும்மா கிடந்தது. "போய் உட்கார்ந்து பாரேன்," என்று அவன் விளையாட்டாகச் சொன்னான். அவள் அனுமதிச் சீட்டு வாங்கினாள். கவிழ்த்த வாளியின்மேல் பழைய போர்வையை மடித்துப் போட்டு ஒன்பது காலை உட்கார்ந்தாள். ஒன்பதாவது நாள் அது வந்தது. எட்டு முனைக் கொம்பு, இடது கொம்பு மட்டும் கொஞ்சம் தாழ்ந்து கோணலாக.

இப்போது அதன் கன்னத்தில் இரும்பு.

தலையைக் குழாயடியில் காட்டினாள். சதைத் துணுக்குகள் போனதும் தெரிந்தது. முக்கோணமான அம்புமுனை. ஒரு அலகும் அடிப்பகுதியும் மட்டும் வெளியே தெரிந்தன. மற்றதையெல்லாம் எலும்பு சுற்றி வளர்ந்து மூடியிருந்தது, உதட்டைக் குவித்து எதையோ பிடித்துக்கொண்டிருப்பதுபோல. பழைய காயம். ஆறி, மூடி, மறந்துபோனது. முனையின் அடியில், திருகு மரை இருக்கிற பள்ளத்தில், கடுகளவு ஆரஞ்சு நிறம் ஒட்டியிருந்தது.

அந்த நிறம் அவளுக்குத் தெரியும். அவளுடைய பார்லர் அலமாரியில் வருடக்கணக்காக யாரும் கேட்காமல் கிடந்த நெயில் பாலிஷ் அது.

ரூடியின் அண்ணன் லைல் மூன்று வருடத்துக்கு முன்னால் வந்து அதைக் கேட்டு வாங்கிப் போனான். சதுப்புக் காட்டுக்கு அந்தப் பக்கம் ரூடி, லைல் ஆகிய கெட்டுனன் சகோதரர்களின் வேட்டைக் கேம்ப் இருக்கிறது. ஒரு மரவீடு, நான்கு கட்டில், ஒரு அடுப்பு. முதல் ரத்தம் யாருடைய அம்பில் வந்ததோ மான் அவனுக்கு என்பது அங்கே சட்டம். நான்கு பேரும் ஒரே கடையில் அம்பு வாங்கியதால் வருடா வருடம் சண்டை வந்தது. அதனால் லைல் தன் முனைகளுக்கெல்லாம் அடியில் ஆரஞ்சு வளையம் போட்டுக்கொண்டான்.

அந்த அக்டோபரிலேயே ஒரு மானை அடித்தேன் என்று வந்து நின்றான். தலை அதிர்ந்ததைக் கண்ணால் பார்த்தேன் என்றான். இரண்டு நாள் தேடினார்கள். ஒரு சொட்டு ரத்தம் இல்லை, அம்பும் இல்லை. குறி தவறினவனுக்கு கேம்ப்பில் இன்னொரு சட்டம் உண்டு. சட்டையின் பின்வாலைக் கத்தரித்துச் சுவரில் ஆணி அடித்து மாட்டிவிடுவார்கள். ரூடிதான் கத்தரித்தான். வருடம் எழுதி மாட்டினார்கள். அன்றிலிருந்து லைலுக்கு அங்கே பெயர் காத்தடிச்சான்.

மார்லிஸ் தலையை மேசைமேல் பழைய துண்டில் வைத்தாள். என்ன செய்யலாம் என்று அவள் யோசித்ததாகச் சொல்ல முடியாது. கை தானாகப் போய்க் குறடை எடுத்தது. ஓட்டையை அடைக்கிற பசை அவளிடம் உண்டு. தேய்த்து, பெராக்சைடு பூசினால் ஊசி முனையளவு வித்தியாசம்கூடத் தெரியாது. மற்றவர்களுக்கு அப்படி எத்தனையோ செய்திருக்கிறாள். குறடால் அலகைப் பிடித்து லேசாக அசைத்துப் பார்த்தாள். அசையவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினால் வந்துவிடும், சுற்றியிருக்கிற எலும்போடு.

இத்தனை வருடம் எல்லோருடைய கதையையும் கேட்டுக்கொண்டே சுரண்டினேன். என் தலை ஒன்று வந்தது. அதற்குள்ளேயும் ஒருத்தன் தன் கதையைச் செருகி வைத்திருக்கிறான், என்று நினைத்தாள். நினைத்தவுடன் சிரிப்பும் வந்தது. லைல் என்ன, வேண்டுமென்றா செய்தான்.

உள்கதவு திறந்தது. அவள் துண்டின் ஓரத்தை எடுத்து மண்டையோட்டின்மேல் போட்டாள். ரூடி ஊன்றுகோலோடு இரண்டு காபிக் கோப்பைகளை எப்படியோ ஒரே கையில் பிடித்துக்கொண்டு வந்தான்.

"என்ன, மகாராணிக்கு முகம் கழுவியாச்சா?"

"அது ஆம்பளை மான்."

"உன் கையில வந்துட்டா எல்லாரும் மகாராணிதான். லைல் ரெண்டு மணிக்கு முடி வெட்டிக்க வர்றான். நாளைக்கு கேம்ப் மூடற சாப்பாடு இல்ல, அதுக்கு மாப்பிள்ளை மாதிரி போகணுமாம்."

"மாப்பிள்ளைக்கு மண்டையில நாலு முடிதான் இருக்கு."

"அந்த நாலையும் ஒரே அளவா வெட்டு. போன தடவை ஒண்ணு நீளமா விட்டுட்டேன்னு புலம்பினான்."

காபியை வைத்துவிட்டு அவன் துண்டைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், உள்ளே போனான். முப்பத்து மூன்று வருடத்தில் அவனிடம் சொல்லாமல் வைத்துக்கொண்ட விஷயம் என்று அவளுக்கு எதுவும் நினைவில் இல்லை. இதுதான் முதல். அது பிடித்தும் இருந்தது என்பதை அவள் தனக்குள் ஒப்புக்கொண்டாள். குறடை ஆணியில் திரும்ப மாட்டினாள். பிடுங்கப் போவதில்லை என்பது மட்டும் நிச்சயமாகிவிட்டது. சொல்வதா, வேண்டாமா என்பது நிச்சயமாகவில்லை.

சுவரில் அது கோணலாகவே, இரும்போடேயே இருக்கலாம். கூடத்தில், ஜன்னலுக்கு எதிரே, காலை வெயில் படுகிற சுவர். இடத்தைக்கூட அளந்து வைத்திருந்தாள். உயரத்தில் மாட்டினால் கீழேயிருந்து யாருக்கும் கன்னம் தெரியாது. சொல்லவே வேண்டாம்.

லைல் இரண்டு மணிக்குப் பத்து நிமிடம் முன்னதாகவே வந்தான். அறுபத்தாறு வயது. மனைவி போனபிறகு எல்லா இடத்துக்கும் சீக்கிரம் வந்துவிடுகிறவன். பூட்ஸைக் கழற்றிவிட்டு, பெருவிரல் ஓட்டையான காலுறையோடு வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். அவள் கழுத்தைச் சுற்றித் துணியைக் கட்டினாள்.

"உன் கோணக் கொம்பன் வெந்துட்டானா?" என்றான்.

"வேகறதுக்கு அது என்ன உருளைக்கிழங்கா? நீ ஒரு தடவை வேக வெச்சியே, நியாபகம் இருக்கா?"

"ஆரம்பிச்சுட்டா."

"மூக்கைத் தலைகீழா ஒட்டி வெச்சே. மழை பெய்ஞ்சா தண்ணி உள்ள போயிருக்கும் அதுக்கு."

"பிளீச்சு ஊத்தினதை விட்டுட்டியே."

"அதையும் சொல்லணுமா? துடைக்கத் துடைக்கப் பாதித் தலை துணியோட வந்துச்சு."

லைல் வயிறு குலுங்கச் சிரித்தான். அவள் இடது பக்கம் வெட்ட ஆரம்பித்தாள். நரைமுடி துணியில் விழுந்தது. வெளியே பனி அள்ளும் வண்டி ஒன்று போயிற்று.

"போன வாரம் டென்னிஸோட புது மருமகன் கேம்ப்புக்கு வந்தான்," என்றான் லைல். டென்னிஸ் கேம்ப்பின் நான்காவது ஆள். "நல்ல பையன்தான். சுவத்துல தொங்கறதைப் பாத்துட்டு, 'இது யாரு சட்டைங்க'ன்னு கேட்டான். ஒரு அறை சிரிச்சுது பாரு. டென்னிஸ் மொதல்லேருந்து கதை சொல்றான். நான் எப்படி ஓடி வந்தேன், எப்படி மூச்சு வாங்கினேன், எல்லாம் நடிச்சே காட்டறான்."

"நீ என்ன பண்ணினே?"

"நானும் சிரிச்சேன். என்ன பண்றது."

இப்போதும் சிரித்தான். மார்லிஸ் அவன் காதை மடக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருடமாக அந்தக் காதுகளைச் சுற்றி வெட்டியிருக்கிறாள். சிரிக்கும்போது சிவக்காத காதுகள் அவை. விரலுக்கு அடியில் காது சூடாகிச் சிவந்தது.

"நான் பாத்தேன் மார்லிஸ். தலை அதிர்ந்துச்சு. இப்பல்லாம் எனக்கே சந்தேகம் வந்துடுது, நெஜமாவே பாத்தேனான்னு."

அவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். அவனிடம் இல்லாதது அவன் அடித்த மான் அல்ல. தன் கண்ணையே நம்புகிற தைரியம். அது இவள் கராஜில் துண்டுக்கு அடியில் கிடக்கிறது.

"எழுந்திரு," என்றாள். "கராஜுக்கு வா."

"பாதித் தலைதானே வெட்டியிருக்கே?"

"வா."

ஒரு பக்கம் ஒட்டவும் ஒரு பக்கம் பறந்தும் கிடக்கிற தலையோடு, கழுத்துத் துணி முழங்கால்வரை தொங்க, யாருடைய செருப்பையோ மாட்டிக்கொண்டு அவன் பின்னால் வந்தான். அவள் துண்டை எடுத்தாள். விளக்கை இழுத்துக் கிட்டே வைத்தாள்.

லைல் கண்ணாடியைத் தேடினான். துணிக்கு அடியில் கையை விட்டுச் சட்டைப் பையிலிருந்து எடுத்து மாட்டினான். குனிந்தான். வெகுநேரம் குனிந்தே இருந்தான்.

"அது உன் பாலிஷ்."

"ஆமா."

"இவ்ளோ நாள் இதைக் கன்னத்துல வெச்சுக்கிட்டு ஆப்பிள் தின்னுட்டு இருந்திருக்கு."

"என் ஆப்பிள்."

அவன் சுண்டுவிரலால் அலகைத் தொட்டான். பிறகு கவிழ்ந்து கிடந்த வாளியின்மேல் உட்கார்ந்துகொண்டான். "ரூடி," என்று கூப்பிட்டான், சத்தமில்லாமல். அவளே போய் உள்கதவைத் திறந்து ரூடியைக் கூப்பிட்டாள்.

ரூடி வந்து பார்த்தான். விளக்கை இப்படியும் அப்படியும் திருப்பினான். கடைசியில் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, "அப்ப நான் ஒரு நல்ல சட்டையைக் கெடுத்துட்டேன்," என்றான்.

"நல்ல சட்டை இல்ல அது. காலர் கிழிஞ்சது."

"கோணக் கொம்பன் கோணக் கொம்பன்னு அவளைக் கிண்டல் பண்ணினியே. கோணலாக்கினதே நீதான்டா."

இரண்டு பேரும் சிரித்தார்கள். லைல் சிரித்துக்கொண்டே புறங்கையால் மூக்கைத் துடைத்தான். மார்லிஸும் சிரித்தாள். சொன்னது நல்லதாயிற்று என்று நினைத்தாள். அந்த நினைப்பு முழுதாக இறங்குவதற்குள் லைல் நிமிர்ந்து பார்த்தான்.

"கேம்ப் சட்டம் தெரியும் இல்ல ரூடி?"

ரூடி சிரிப்பை நிறுத்தினான். "அது மான் அன்னிக்கே விழுந்தாத்தான்."

"அப்படின்னு எங்க எழுதியிருக்கு? முதல் ரத்தம். அவ்ளோதான் சட்டம்." மார்லிஸ் பக்கம் திரும்பினான். குரல் இறங்கியது. "கறி எல்லாம் உன்னோடது. நான் அதைக் கேக்கல. தலையை மட்டும் குடு மார்லிஸ். நாளைக்கு எல்லாரும் வருவாங்க. அந்தச் சட்டையைக் கழட்டிட்டு அதே ஆணியில இதை மாட்டணும். டென்னிஸோட மருமகன் கண்ணு முன்னாடி."

அவன் பேராசையில் கேட்கவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. அவள் ரூடியைப் பார்த்தாள்.

"குடுத்துடேன் மார்லிஸ்," என்றான் ரூடி மெதுவாக. "அவனுக்கு எவ்ளோ நாள் அவமானம், பாரு. அடுத்த வருஷம் நீ இன்னொண்ணு சுட்டுக்கலாம்."

இரண்டு சகோதரர்களும் ஒரே முகத்தோடு அவளைப் பார்த்தார்கள். ஒவ்வொரு நவம்பரிலும் கேம்ப்புக்குக் கறியும் உருளைக்கிழங்கும் வைத்துச் சுட்ட பேஸ்டிகளைப் பெட்டியில் போட்டுத் தரும்போது வாசலில் நின்று பார்க்கிற அதே முகம். எதிர்பார்ப்பும் நன்றியும் கலந்தது. அந்த முகத்தை அவள் வெறுத்ததில்லை. இப்போதும் வெறுப்பு வரவில்லை. கோபம் வருமென்று காத்திருந்தாள். அதுவும் வரவில்லை. வந்தது, மானைச் சுட்ட அந்தக் காலை.

உறைபனியில் புல் வெள்ளையாக இருந்தது. அது மரத்தடியில் நின்று உறைந்த ஆப்பிளைக் கடித்த சத்தம் அவளுக்கு அறுபது கெஜத்தில் கேட்டது. ஒரு பக்கமாகவே மென்றது. வலது பக்கமாக. அப்போது அதைப் பார்த்தாள், ஏன் என்று யோசிக்கவில்லை. மூச்சை விட்டாள், பாதியில் நிறுத்தினாள், சுட்டாள். இருபது அடி ஓடி விழுந்தது. அவள் யாரையும் கூப்பிடவில்லை. போய்ப் பக்கத்தில் பனியில் உட்கார்ந்தாள். கழுத்தின்மேல் கையை வைத்து, சூடு போகிறவரை அரை மணி நேரம் இருந்தாள். வருத்தம் இருந்தது. அதைவிடப் பெரிதாக வேறொன்றும் இருந்தது. அதற்கு அவள் பெயர் தேடவில்லை. யாராவது வந்திருந்தால் எத்தனை கெஜம், காற்று எந்தப் பக்கம் என்று கேட்டிருப்பார்கள். யாரும் வரவில்லை. பிறகு சீட்டில் தன் பெயரை எழுதினாள். பள்ளிக்கூடத்தில் எழுதுவதுபோல முழுப் பெயரையும்.

சுவரில் மாட்ட அவள் அளந்து வைத்திருந்தது அந்த அரை மணி நேரத்தைத்தான்.

"சட்டையைக் கழட்டுங்க," என்றாள். "ரூடி, நீதான் மாட்டினே, நீயே கழட்டு. எல்லார் முன்னாடியும். பாக்கணும்னு சொல்றவங்க இங்க வரட்டும். டென்னிஸ், மருமகன், யாரு வேணா. பூட்ஸை வெளியே கழட்டிட்டு வரணும். நான் காபி போட்டுத் தர்றேன்."

"இங்கயா?" என்றான் லைல்.

"கூடத்துல. ஜன்னலுக்கு எதிர்ல. கன்னம் நல்லாத் தெரியற உயரத்துல மாட்டறேன். லைல் அடிச்சதுதான், ஆரஞ்சு நிறம் என் பாலிஷ்தான்னு வர்றவங்க எல்லாருக்கும் நானே சொல்றேன்."

ரூடி அவள் முகத்தைப் பார்த்துவிட்டு ஊன்றுகோலை எடுத்துக்கொண்டான். "நாளைக்குப் போறப்ப ஆணி பிடுங்கறதை எடுத்துக்கணும்," என்றான், தனக்குத்தானே சொல்வதுபோல.

அவள் மண்டையோட்டை இரண்டு கையாலும் தூக்கிச் சோப்புத் தண்ணீர் வாளியில் இறக்கினாள். ஹீட்டரின் சிவப்பு விளக்கு எரிந்தது. கொம்புகள் வெளியே நின்றன, ஒன்று நிமிர்ந்து, ஒன்று தாழ்ந்து. கன்னத்து இரும்பு தண்ணீருக்குள் போனது.

"வா," என்றாள் லைலிடம். "பாதித் தலையோட எங்கயும் போக முடியாது."

பார்லரில் வெதுவெதுப்பாக இருந்தது. அவன் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியில் தன் இரண்டு பக்கத்தையும் பார்த்தான். அவள் வலது பக்கத்தை நனைத்துச் சீவினாள். அவன் தோள்கள் தளர்ந்து இறங்கியிருந்ததை அவள் கவனித்தாள். கண்ணை மூடிக்கொண்டு ஏதோ நினைத்து லேசாகச் சிரித்தான். அக்டோபர் மாதக் காட்டில் இருக்கிறான் போல. பிறகு கண்ணைத் திறந்து கண்ணாடி வழியாகக் கேட்டான்.

"நாளைக்கு ஒரு நாள் மட்டும்? சாயங்காலமே கொண்டுவந்து குடுத்துடறேன்."

இன்னும் கொழுப்பு இறங்கவில்லை, இப்போது வெளியே எடுத்தால் மஞ்சள் பூத்துவிடும் என்று சொல்லியிருக்கலாம். அது உண்மையும்கூட. வருடக்கணக்காக எல்லோரிடமும் சொல்கிற வார்த்தை, நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அவள் அதைச் சொல்லவில்லை.

"இல்ல, லைல்," என்றாள். அவன் வலது காதை மடக்கிப் பிடித்துக்கொண்டு வெட்டத் தொடங்கினாள்.